முதலாமாண்டு பைத்தான் தேர்வு: தாளிலா, கணினியிலா?

லேப்_அக்கா:
பைத்தான் நிரலாக்க உள்தேர்வை மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில், பிள்ளைகள் எழுதும் நிரலை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடும் கோட்ரன்னர் செருகுநிரலைச் சேர்த்து நடத்தலாமா என்று யோசிக்கிறேன். தாளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததை அப்படியே இறக்கிவிடுகிறார்கள். அந்த நிரல் ஓடுமா என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் கணினியில் ஒரு முக்காற்புள்ளியை (:) விட்டால் மொத்த மதிப்பெண்ணும் போய்விடாதா?

கரும்பலகை:
தாராளமாக வையுங்கள் மேடம். ஓட்டிப் பார்த்துத் திருத்த வாய்ப்பு இருப்பதுதானே இதில் லாபமே! அபராதத்தை "0, 0, 10, 20, ..." என்று அமைத்தால் முதல் இரண்டு தவறான முயற்சிக்கு எதுவும் குறையாது. இன்னொன்று, நிரலை ஓட்டிச் சரிபார்க்கும் எல்லாச் சோதனையும் தேறினால்தான் மதிப்பெண் என்ற அமைப்பு முதலிலேயே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிட்டால் தேறிய சோதனைகளுக்காவது மதிப்பெண் கிடைக்கும்.

சுழல்வளையம்:
கோட்ரன்னர் நிரலின் வெளியீட்டைச் சரியான விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், கவனம். உள்ளீடு வாங்கும் input() கட்டளைக்குள் "எண்ணைக் கொடு" என்று எழுதினால் அதுவும் வெளியீட்டில் சேர்ந்து, சரியான விடைகூடத் தப்பாகிவிடும். ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து விடையைத் திருப்பித் தரும் நிரல் துண்டு) எழுதச் சொல்லி, அது திருப்பித் தரும் மதிப்பைச் சோதியுங்கள்.

லேப்_அக்கா:
சரி, அப்படியே கேட்கிறேன். அப்புறம், 60 பேருக்கு 30 கணினிதான். முதல் அணி வெளியே வந்ததும் வாட்ஸாப்பில் கேள்வி பறக்குமே?

கரும்பலகை:
கேள்வி வங்கியிலிருந்து ஆளுக்கொன்றாக எடுக்க வையுங்கள். லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியை, படிப்படியாகத் தடம் பிடிக்கும் கேள்வி மட்டும் தாளிலேயே இருக்கட்டும். கணினி முன்னால் அதை யாரும் யோசிக்க மாட்டார்கள், ஓட்டிவிடுவார்கள்.