அந்த 280 டொலர் வந்ததா, இல்லையா?

கணக்குப்பிள்ளை:
நேற்று ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விருந்து. கொத்துரொட்டித் தட்டோடு ஒருவர் நின்று பிரசங்கம் செய்கிறார்: கனடா அரசு எரிபொருளுக்குப் போட்ட காபன் வரி எங்களை மொட்டை அடித்ததாம், பிரதமர் கார்னி 2025 ஏப்ரல் 1ஆம் திகதி அதைப் பூச்சியமாக்கியிராவிட்டால் நாங்கள் எல்லோரும் தெருவில்தானாம். சுற்றி நின்ற பத்துப் பேரும் தலையாட்டுகிறார்கள். எனக்குக் கொத்து இறங்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. ஒன்ராறியோவில் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த வரிக் காசிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280 டொலர் திரும்ப பாங்கில் விழுந்தது. வருடத்துக்கு 1120. பெற்றோலில் அந்த வரி கடைசியாக லீற்றருக்கு 17.6 சதம். 1120 டொலரையும் பெற்றோலிலேயே கட்டி முடிக்க 6300 லீற்றருக்கு மேல் ஊற்றவேண்டும். ஊற்றியவர்கள் கையைத் தூக்குங்கள்.

பதினெட்டுச் சில்லு:
தூக்கியாச்சு அண்ணை. லொறி ஓட்டுகிற எனக்கு 6300 லீற்றர் ஆறு கிழமைக் கணக்கு. டீசலுக்கு 21.4 சதம். கிழமைக்கு 1000 லீற்றர் அடித்தால் 214 டொலர், அது ஒரு கிழமைக்கு. உங்கள் 280 எனக்கு வியாழக்கிழமைக்கிடையில் கரைந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
நான் லொறியைக் கேட்கவில்லை தம்பி, வீட்டைக் கேட்டேன். 1000 லீற்றருக்கு 214 என்றால் 280க்கு 1300 லீற்றர். வியாழன் எங்கிருந்து வந்தது? அதை விடுங்கள். 280 வந்ததா, இல்லையா?

பதினெட்டுச் சில்லு:
வந்தது. அந்த வரிக்கு மேல் 13 வீதம் எச்எஸ்டி என்ற விற்பனை வரி போட்டார்களே, அது எந்த பாங்கில் விழுந்தது? வரிக்கு வரி கட்டிய ஒரே சனம் நாங்கள்தான்.

மிசிசாகா முருகு:
உள்ளே வரலாமா? என் வீட்டுக் கணக்கு இது. இரண்டு கார், வருஷத்துக்கு 4000 லிட்டர் பெட்ரோல். கார்பன் வரி 704 டாலர். வீட்டு ஹீட்டிங் கேஸ் 2400 கன மீட்டர், 15.25 சென்ட் வீதம் 366 டாலர். கூட்டினால் 1070. கணக்குப்பிள்ளை சார் கட்சி ஜெயித்தது, 50 டாலர் லாபம். இப்போது சில்லு அண்ணன் சொன்ன எச்எஸ்டியைச் சேருங்கள். 1209. என் கையிலிருந்து 89 டாலர் போயிருக்கிறது. இரண்டு கட்சிக்கும் என் வீடே சாட்சி, காப்பி மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

பதினெட்டுச் சில்லு:
கேட்டீர்களா அண்ணை? எச்எஸ்டி!

கணக்குப்பிள்ளை:
4000 லீற்றரா? வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று போன மாதம்தான் இங்கே பெருமையாக எழுதினீர்கள் முருகு. பிறகு யார் அந்தக் காரை ஓட்டுகிறது? பால் வாங்க வன்கூவருக்கா போய் வருகிறீர்கள்?

எச்எஸ்டி காபன் வரி இல்லை. கதிரை வாங்கினாலும் எச்எஸ்டி உண்டு, அதற்காகக் கதிரையைத் திட்டுவீர்களா? 1070ஐக் கட்டி 1120 எடுத்தீர்கள். 280 வந்தது. அவ்வளவுதான்.

மிசிசாகா முருகு:
கதிரை விலையில் ஏற்கெனவே ஒரு வரி இருந்து, அதன்மேல் இன்னொரு வரி போட்டால் கதிரையைத் தூக்கி அடிப்பேன். பொண்டாட்டி பிராம்ப்டனில் வேலை செய்கிறாள், பையன் காலேஜுக்குக் கார் எடுத்துப் போகிறான். வேறு விவரம் வேண்டுமா?

வட்டுக்கோட்டையான்:
விவாதத்துக்கு நடுவில் மன்னிக்கவேண்டும். அது 'காபன்'. 'கார்பன்' என்று எழுதினால் கண் கூசுகிறது.

மிசிசாகா முருகு:
எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'கார்பன்' என்றுதான் படித்தோம். நடுவில் இருந்த 'ர்' உங்கள் ஊர்க் கப்பலில் ஏறவில்லையா?

வட்டுக்கோட்டையான்:
வெள்ளைக்காரன் வாயிலேயே அந்த 'ர்' இல்லை. நாங்கள் காதால் கேட்டு எழுதினோம், நீங்கள் எழுத்தைப் பார்த்து எழுதினீர்கள். சண்டை வேண்டாமென்றால் இரண்டு பேரும் 'கரி வரி' என்று எழுதுங்கள்.

மிசிசாகா முருகு:
அப்புறம் கறிக்கு வரி போட்டுவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடும். சனிக்கிழமை ஆட்டிறைச்சிக் கடையில் வரிசை தெரு முனைவரை நிற்கும்.

எட்மன்டன் பொன்னி:
எழுத்துச் சண்டை முடிந்ததா? ஆல்பர்ட்டாவில் எங்களுக்கு மூன்று மாதத்துக்கு 450 வந்தது, நாலு பேர் வீட்டுக்கு. நீங்கள் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் எவ்வளவு எரித்தாலும் திரும்ப வரும் தொகை மாறாது. குறைத்து எரித்தால் வரி குறையும், 450 குறையாது. எரிக்க எரிக்கச் செலவு, எரிக்காவிட்டால் லாபம், இதற்குத்தானே டன் புகைக்கு 20 டாலரில் தொடங்கி ஏப்ரலுக்கு ஏப்ரல் ஏற்றி 80க்குக் கொண்டுவந்தார்கள்? 2008இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டன்னுக்கு 10 டாலரில் இதைத் தொடங்கியது ஒன்றும் இடதுசாரி அரசு கிடையாது. புகை குறைந்ததா என்று ஒருவராவது கேட்டீர்களா?

பதினெட்டுச் சில்லு:
அல்பேர்ட்டாவுக்கு 450, எங்களுக்கு 280. இது என்ன நியாயம்?

எட்மன்டன் பொன்னி:
ஒரு மாகாணத்தில் வசூலித்ததை அந்த மாகாணத்திலேயேதான் பிரித்தார்கள் அண்ணா. இங்கே மைனஸ் 40 வரும், ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் இருக்கச் சொல்கிறீர்களா? எனக்கும் கோபம் உண்டு, ஆனால் வேறு இடத்தில். 2023 அக்டோபரில் வீட்டுக்கு எண்ணெய் எரிப்பவர்களுக்கு மட்டும் மூன்று வருஷம் விலக்கு கொடுத்தார்கள். எண்ணெய் அதிகம் எரிவது அட்லாண்டிக் பக்கம், அங்கே பெரும்பாலான எம்பிக்களும் ஆளுங்கட்சிக்காரர்கள்தான். கேஸ் எரிக்கும் எங்களுக்கு ஒன்றும் கிடையாது. எண்ணெய்தான் கேஸைவிட அதிகப் புகை. அன்றைக்கே இந்த வரி செத்துவிட்டது, கார்னி தகனம் மட்டும்தான் செய்தார்.

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி சொல்வது சரி, ஆனால் அது வேறு கதை. கொடுத்த விதத்தில் பிழை இருந்தது, அதை நானும் சொல்கிறேன். முதலில் வருமான வரிப் படிவத்துக்குள் ஒளித்துக் கொடுத்தார்கள். 2022 ஜூலையிலிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டார்கள், அதுவும் பாங்குக் கணக்கில் என்ன பெயரில் வந்தது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் ஒன்ராறியோ முதல்வர் ஃபோர்ட்டின் அரசாங்கம் 2019இல் பெற்றோல் பம்ப் எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்ட வைத்தது, வரி ஏறுகிறது என்று. திரும்ப வரும் காசைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பிறகு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. அதற்கு முதலே எங்கள் பக்கத்துப் பம்பில் அது பாதி உரிந்து தொங்கியது. ஸ்டிக்கர் உரிந்தாலும் சனத்தின் மூளையிலிருந்து உரியவில்லை.

இப்போது பதில் சொல்லுங்கள் சில்லு. வரி ஏப்ரல் 1ஆம் திகதி போய்விட்டது. 22ஆம் திகதி கடைசி 280 வந்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்களா?

பதினெட்டுச் சில்லு:
பாராளுமன்ற பட்ஜெட் அதிகாரியே பெரும்பாலான வீடுகளுக்கு நட்டம் என்று அறிக்கை விட்டவர். அவரைவிட நீங்கள் கெட்டிக்காரரோ?

கணக்குப்பிள்ளை:
அதே அதிகாரிதான் 2024 ஏப்ரலில், பெரிய தொழிற்சாலைகள் கட்டும் காபன் விலையையும் தவறிச் சேர்த்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அதை நீங்கள் வாசிக்கவில்லை, விருந்தில் அது பரிமாறப்படாது. தொழிற்சாலைகளுக்கு அந்த விலை இன்னும் இருக்கிறது, அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை.

பதினெட்டுச் சில்லு:
சரி, அவர் பிழை விடுவார், நீங்கள் விடமாட்டீர்கள். எச்எஸ்டி?

கணக்குப்பிள்ளை:
லொறிக்கு அடித்த டீசலின் எச்எஸ்டியைத் தொழில் கணக்கில் திரும்ப எடுக்கலாம் தம்பி. எடுத்திருப்பீர்கள். எடுத்துவிட்டு இங்கே வந்து அழுகிறீர்கள்.

பதினெட்டுச் சில்லு:
எச்எஸ்டியை எடுக்கலாம், 21.4 சதத்தை? சிறு வியாபாரங்களுக்கென்று ஒரு கழிவு கொடுத்தார்களே, அது கூட்டுத்தாபனமாகப் பதிந்து ஆள் வைத்திருப்பவர்களுக்கு. என்னைப்போல் தனி ஆளாக ஓடுபவனுக்கு ஒரு சதம் இல்லை. கதிரையில் இருந்து கணக்குப் பார்ப்பவருக்கு அது விளங்காது.

மிசிசாகா முருகு:
அந்தக் கதிரைக்கும் எச்எஸ்டி கட்டியிருப்பார்.

வட்டுக்கோட்டையான்:
'காபன்' பற்றி இன்னும் பதில் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
கதை வேண்டாம். 4000 லீற்றர் என்கிறவரும் நட்டம் என்கிறவரும் பெற்றோல் பில்லையும் காஸ் பில்லையும் இங்கே போடுங்கள். நானே கூட்டித் தருகிறேன். பில் இல்லாவிட்டால் 280 வந்தது என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டுச் சில்லு:
போன கோடை ஒன்றுகூடலுக்கு ஆளுக்கு 20 டொலர் சேர்த்தவர் நீங்கள்தானே அண்ணை? அந்த பில்லை முதலில் போடுங்கள். எச்எஸ்டியோடு.