அம்பாசடருக்கு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின்: பணம் எங்கே போகிறது?

கே.புதூர், மதுரை:

பழைய காருக்கு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் பதிலாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின்) மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினின் விலையை மட்டுமே விசாரிக்கிறார்கள். என்னுடைய 1984 மாடல் மார்க் 4 அம்பாசடரில் இந்த வேலையை முடித்தபோது ஏறத்தாழ 2,80,000 ரூபாய் செலவாகியிருந்தது. அதில் இன்ஜின், கியர் பாக்ஸ், ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), வயரிங் ஆகிய நான்கும் சேர்ந்த செட்டுக்குக் கொடுத்தது 75,000 மட்டுமே.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே பின்னாளில் இதே பாடியில் பொருத்தி விற்ற 1,817 சி.சி. இசுசு இன்ஜினைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். இன்றைய சிறிய கார்களின் இன்ஜின்கள் பெரும்பாலும் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரங்களை ஓட்டுபவை என்பதால், பின்சக்கரம் இழுக்கும் அம்பாசடருக்கு அவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. கம்பெனி இன்ஜினாக இருந்தும் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டை மாற்றுவதற்கும், கியர் லீவர் ஸ்டியரிங்கிலிருந்து தரைக்கு வருவதற்காகத் தளத்தை வெட்டுவதற்கும், கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தைத் திருத்திப் பேலன்ஸ் செய்வதற்குமாக லேத் பட்டறையிலும் டிங்கரிடமும் 45,000 ரூபாய் போனது.

பலர் கணக்கில் சேர்க்காதது பெட்ரோல் வரும் வழியை. கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தம்கூடத் தேவையில்லை. இன்ஜெக்டருக்கோ சுமார் மூன்று பார் வேண்டும். ஆகவே இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பழைய பம்ப்பும் சாதாரண ரப்பர் ஹோஸும் உதவா. மின்சாரப் பம்ப், அழுத்தம் தாங்கும் ஹோஸ், மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய் என எல்லாமே புதிதாக வேண்டும். பழைய டேங்கில் தடுப்புகள் இல்லாததால், பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் திரும்பினால் பம்ப் காற்றை உறிஞ்சி இன்ஜின் தடுமாறும். அதற்கென்று தனியாக ஒரு சிறு டேங்கும் வைத்தோம். இவற்றுக்கு 28,000 ஆனது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருந்த வண்டிக்கு இந்த இன்ஜினின் வேகம் ஒத்துவராது என்று மெக்கானிக் உறுதியாகச் சொன்னதால், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரும் பொருத்தியதில் மேலும் 40,000 சேர்ந்தது. அதைக் குறைத்திருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. மிச்சமெல்லாம் ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், எலக்ட்ரீஷியன், மெக்கானிக் கூலி.

பலனையும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் பெரியார் பேருந்து நிலையப் பக்கம் நெரிசலில் நின்றால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி இன்ஜின் நின்றுவிடாமலிருக்கப் பம்ப்பின் மேல் ஈரத்துணி போடும் வேலை இப்போது இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு ஏறும்போது காற்று மெலிவதைச் சென்சார் உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால், கரும்புகையும் இல்லை.

திண்டுக்கல்:

அண்ணன் எழுதியதில் ஆவணச் செலவு விடுபட்டிருக்கிறது. ரூபாயைவிட அங்கேதான் கவனம் தேவைப்படுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யிலுள்ள (பதிவுச் சான்றிலுள்ள) விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிப்படுத்தியது. 50 ஆண்டு கடந்த கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021இல் வந்த விண்டேஜ் விதிகள் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாத வண்டிகளுக்கே ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட பதிவு எண்ணைத் தருகின்றன. இன்ஜினை மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். இக்காரணத்தாலேயே என் பிரீமியர் பத்மினியில் அதன் 1,089 சி.சி. இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு, கார்புரேட்டர் கிட், எலக்ட்ரானிக் இக்னிஷன், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஹோஸ் ஆகியவற்றை மாற்றினேன். கூலியோடு 18,000 ரூபாய்க்குள் முடிந்தது.

திருமங்கலம்:

மைலேஜ் கூடும் என்று நினைத்து இதில் இறங்குபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 12 கொடுக்கிறது என்றும், ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும் கொண்டால் மிச்சமாவது சுமார் 83 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் 8,300 ரூபாய்தான். போட்ட 2,80,000 திரும்பி வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். கே.புதூர் அண்ணன் ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை எப்படி மாற்றினார் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கே.புதூர், மதுரை:

மைலேஜ் கணக்கு சரியே. நான் மைலேஜுக்காகச் செய்யவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்ற பிறகே பழைய இன்ஜினைக் கழற்றினோம். ஒரே கம்பெனியின் இன்ஜின் என்பது அங்கே கைகொடுத்தது. வாங்கும்போதே இன்ஜின் எண் குறித்த ரசீதையும், அது எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டதோ அதன் ஆர்.சி. நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அவை இல்லாத இன்ஜின் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நான் தொடமாட்டேன். எண் மாறியதும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து பாலிசியில் திருத்தம் பெறுவது அவசியம்.