ஜெல்மா மை ஊசியிலேயே அடைத்துக்கொள்கிறது, அவசர உதவி தேவை

மூன்றாம்அடுக்கு:
வணக்கம். தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு) செல்கள் கலந்த ஜெல்மாவை, அதாவது ஒளி பட்டால் பிணைந்து இறுகும்படி மாற்றிய ஜெலட்டின் மையை, உயிரி அச்சுப்பொறியில் அச்சிடுகிறேன். போன மாதம் அழகாக வந்தது. இந்த வாரம் சில நிமிடங்களிலேயே ஊசி அடைத்துக்கொள்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் மை கட்டி கட்டியாகப் பீய்ச்சுகிறது, மறுநாள் பாதிச் செல்கள் இறந்து கிடக்கின்றன. அடுத்த தொகுதி செல்கள் நாளை தயாராகிவிடும். தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

கண்ணாடித்தட்டு:
மையில் ஜெல்மா எத்தனை சதவீதம்? ஊசி எந்த அளவு? சிரிஞ்சின் வெப்பநிலை? ஒளியூக்கி (ஒளி பட்டதும் மையைப் பிணைக்கத் தொடங்கும் பொருள்) எது?

பழையபட்டறை:
இதையெல்லாம் எழுதாமல் உதவி கேட்பதே தவறு. மெத்தாக்ரிலேற்ற அளவு (ஜெலட்டினில் ஒளியால் பிணையும் குழுக்கள் எவ்வளவு ஏற்றப்பட்டுள்ளன என்பது) தெரியாமல் ஜெல்மாவைத் தொடக்கூடாது என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். புதிய குப்பி திறந்திருப்பீர்கள். அதுதான் காரணம்.

நூலிழை:
விலங்குப் பொருளை நம்பினால் குப்பிக்குக் குப்பி இப்படித்தான் மாறும். ராடா16 போன்ற செயற்கைப் பெப்டைடுக்கு (குட்டிப் புரதத் துண்டுக்கு) மாறுங்கள். 16 அமினோ அமிலங்கள்தான். உப்புக் கரைசல் பட்டதும் தானாகவே நுண்ணிழைகளாகக் கோத்துக்கொள்ளும்.

மூன்றாம்அடுக்கு:
மன்னிக்கவும். 10 சதவீதம், ஒளியூக்கி எல்.ஏ.பி., 405 நானோமீட்டர் ஒளி. சிரிஞ்சு 37 டிகிரி. சாதாரண ஊசிதான். குப்பி பழையதுதான்.

பழையபட்டறை:
பழைய குப்பி என்றால் ஈரம் ஏறியிருக்கும்.

செவ்வொளி:
எனக்கு ஒளிக் கசிவின் மேல்தான் சந்தேகம். விளக்கு ஊசிமுனையைத் தொட்டால் மை அங்கேயே பிணைந்துவிடும்.

நூலிழை:
பெப்டைடில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

செவ்வொளி:
வேறு தொல்லை இருக்கிறது, நூலிழை. ராடா16 கரைசல் அமிலத்தன்மை கொண்டது. நடுநிலைப்படுத்தும் வரை செல்களுக்குத் துன்பம்தான். ஜெல்லும் மிக மென்மையானது. செல்கள் பற்றிக்கொள்ளும் ஆர்.ஜி.டி. என்ற அமினோ அமில வரிசை ஜெலட்டினில் இயல்பாகவே உண்டு, இதில் தனியே இணைக்க வேண்டும்.

நூலிழை:
இணைத்தால் போயிற்று. பன்றித்தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினை எத்தனை காலம் நம்பியிருப்பது?

பழையபட்டறை:
இருவரும் கொலாஜனை மறந்துவிட்டீர்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு 2019இல், அச்சைத் தாங்கிப் பிடிக்கும் ஜெலட்டின் துகள் குளியலுக்குள் கொலாஜனை அச்சிட்டு இதயத்தின் பாகங்களையே காட்டியது. வேலை முடிந்ததும் 37 டிகிரியில் குளியல் உருகிப் போகும்.

கண்ணாடித்தட்டு:
அந்த விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நாளை செல்கள் தயாராகின்றன. மூன்றாம்அடுக்கு, 'சாதாரண ஊசி' என்றால் உலோகமா? அறை எவ்வளவு குளிர்? சிரிஞ்சு 37 டிகிரியில் இருந்தாலும் வெளியே நீண்டிருக்கும் உலோக ஊசி அறையின் குளிரைத்தான் வாங்கும். ஜெல்மா அங்கே இறுகினால், உருக 30 டிகிரியை ஒட்டிச் சூடாக்க வேண்டியிருக்கும். அடைத்த ஊசியை 37 டிகிரி நீரில் வைத்துப் பாருங்கள். கரைந்தால் குளிர்தான் காரணம். கரையாவிட்டால் செவ்வொளி சொல்வது சரி. எதுவானாலும் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். குறுகிய ஊசியில் அந்த உராய்வே செல்களைக் கிழித்துவிடும்.

செவ்வொளி:
நல்ல சோதனை. உலோக ஊசி ஒளியைத் தடுக்கும் என்பதால், பிணைப்பு இருந்தால் முனையில் மட்டுமே இருக்கும்.

மூன்றாம்அடுக்கு:
கரைந்துவிட்டது! 27 கேஜ் உலோக ஊசி. போன வாரம் அறையின் குளிர்சாதனத்தை 19 டிகிரியில் வைத்திருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை. அதைவிட அகலமான 22 கேஜ் பிளாஸ்டிக் கூம்பு ஊசி மாட்டி, முனையைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை கட்டினேன். செல் இல்லாத மையில் நாற்பது நிமிடம் தடையின்றி ஓடியது. கோடு சற்றுப் பருமனாக வருகிறது. நன்றி, இன்குபேட்டருக்குப் போகிறேன்.

பழையபட்டறை:
குப்பியின் ஈரத்தையும் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடித்தட்டு:
செல்கள் எத்தனை சதவீதம் பிழைத்தன என்று மறக்காமல் எழுதுங்கள்.