தரைத்தொட்டி மோட்டார் நீரின்றி ஓடிய சிக்கல்: புதுப்பிப்பு

மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாகவே மோட்டாரை இயக்கிவிட, தரைத்தொட்டியில் நீரில்லாமல் அது வெறுமனே ஓடி மெக்கானிக்கல் சீல் (பம்பின் தண்டு வழியே நீர் கசியாமல் தடுக்கும் அடைப்பு) கருகியதை முன்பு எழுதியிருந்தேன். நீர்மட்ட உணரி பொருத்தி நான்கு மாதங்கள் ஆகின்றன. தொட்டியின் அடிவரை ஒரு பொதுக்கம்பியும், ஃபுட்வால்வுக்கு (உறிஞ்சுகுழாயின் அடிநுனியில் உள்ள வால்வு) ஒரு சாண் மேலே ஒன்றும், அதற்கு மூன்றடி மேலே மற்றொன்றும் தொங்குகின்றன; நீர் வழியே இவற்றுக்கிடையே மின்னோட்டம் பாய்வதை வைத்தே உணரி நீர்மட்டத்தை அறிகிறது. நடுக்கம்பியை விட்டு நீர் இறங்கியதும் நிற்கும் மோட்டார், மேல்கம்பியை நீர் தொட்ட பிறகே மீண்டும் ஓடுவதால், நீர் அலம்பும்போது கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்ச்) படபடப்பதில்லை. முதலில் போட்ட செப்புக்கம்பிகள், ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம் பாய்ந்ததால் மூன்றே வாரத்தில் பச்சை பூத்து அரித்துப்போயின (அது என் அவசரத்தின் விளைவு). இப்போது துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், அவற்றில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தும் ரிலேயும் (தானியங்கிச் சுவிட்ச்) உள்ளன. எங்கள் உப்புத்தண்ணீருக்கு மாதம் ஒருமுறை கம்பிகளைத் துடைக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டால் இந்த உணரிக்குத் தெரியாது என்பதால், நீர் ஏறாமல் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் (ஆம்பியர்) குறைந்தால் அதை நிறுத்தும் ரிலே ஒன்றையும் அடுத்துச் சேர்க்கவிருக்கிறேன்.