பின் பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

*நான்:* அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டிக் கணவாயில் இறங்கியபோது, நம் பிக்கப்பின் பின் பிரேக் பிடிக்கவே இல்லை. பெடலை மிதித்தால் முன்பக்கம் மட்டும் குனிகிறது. பின்னாலிருக்கும் சுமை வண்டியைத் தள்ளிக்கொண்டே வருகிறது. உசிலம்பட்டியில் நிறுத்தியபோது முன் சக்கரங்களில் கருகிய வாடை அடித்தது. இருபது நாளுக்கு முன்புதான் பின் பிரேக் ஷூக்களை, அதாவது சக்கர டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் கட்டைகளை, புதிதாக மாற்றினேன்.

*அத்தை:* சரியாகும்வரை அந்த வண்டியில் சுமை ஏற்றாதே.

*சித்தப்பா:* ஷூவின் மேலிருக்கும் புது லைனிங், அந்த உரசும் பூச்சு, டிரம்மோடு படியவில்லை, அவ்வளவுதான். கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டச் சொல்.

*செக்கானூரணி மாமா:* அவசரப்பட வேண்டாம் மச்சான். மாப்பிள்ளை, பெடல் ஆழமாகப் போகிறதா, மேலேயே நிற்கிறதா? இரண்டு மூன்று முறை அழுத்தினால் உயர்கிறதா? பின் சக்கரங்களின் உட்புறத்தில் ஈரக்கசிவு உண்டா? சுமையோடு மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் தாங்குகிறதா?

*நான்:* பெடல் மேலேயே கெட்டியாக நிற்கிறது மாமா. எத்தனை முறை அழுத்தினாலும் மாற்றமில்லை. கசிவும் இல்லை. ஹேண்ட் பிரேக் பிடியை நான்கு பல் இழுத்ததுமே அது வண்டியை அசையாமல் நிறுத்திவிடுகிறது.

*செக்கானூரணி மாமா:* அப்படியானால் ஷூ மீது பழி போட வேண்டாம். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிள் இழுப்பதும் அதே ஷூவைத்தான். லைனிங் பளபளத்தோ எண்ணெய் ஏறியோ இருந்தால் அதுவும் வழுக்கியிருக்கும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமென்றால் பெடல் ஆழமாகப் போயிருக்கும். காற்று இருந்தால் பஞ்சுபோல் அமுங்கியிருக்கும். ஆக, திரவ அழுத்தம்தான் பின்னால் போய்ச் சேரவில்லை. ஒன்று கேட்கிறேன், பின் சக்கரத்துக்கு மேல் சுமை தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் ஏதாவது வேலை பார்த்தாயா?

*நான்:* ஆமாம் மாமா. சுமை ஏற்றினால் பின்பக்கம் தொய்கிறது என்று தை மாதத்தில் ஒரு பட்டறையில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன். முன்பு சுமை ஏற்றினால் நான்கு விரல் அளவு இறங்கும். இப்போது ஒரு விரல்கூட இறங்குவதில்லை.

*செக்கானூரணி மாமா:* அங்கேதான் சிக்கல். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் இருக்கும் லோடு வால்விலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகும். சுமையால் உடல் இறங்கினால் அந்தக் கம்பி வால்வைத் திறந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடக் கூடாது என்பதற்காக அழுத்தத்தைக் குறைக்கும். நீ உடலை இறங்கவிடாமல் செய்துவிட்டதால், தார் நிறைந்திருந்தாலும் வண்டி காலி என்றே அது நினைத்துக்கொள்கிறது. அந்த வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தாலும் இதே கதைதான். கம்பியைக் கையால் அசைத்துப் பார்.

*மேலூர் தம்பி:* அண்ணே, அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டால் போதும் என்று எங்கள் ஊர் ஓட்டுநர்கள் சொல்கிறார்கள்.

*செக்கானூரணி மாமா:* கட்டலாம். காலி வண்டியோடு மழையில் ரிங் ரோட்டில் மிதிக்கும்போது பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும். அந்த வேலையே வேண்டாம். கூடுதல் பட்டைகளை எடுத்துவிட்டு, சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவில் கம்பியை வைக்கச் சொல். கூடவே பிரேக் திரவத்தையும் மாற்று. டாட் 4 என்ற தர வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஈரம் ஏறினாலே அந்த வரம்பு 155க்கு வந்துவிடும். முன் பிரேக் மட்டுமே உழைத்துக் கொதித்த வண்டிக்கு அது போதாது.

*நான்:* மாமா, இன்று மதியம் எல்லாம் முடிந்தது. கம்பியின் முனையில் மாட்டும் புஷ் என்ற வளையமும் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினோம். பழைய திரவம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. அரைச் சுமையோடு கப்பலூர் வரை போய்வந்தேன். நின்றதும் தொட்டுப் பார்த்தபோது இரண்டு பின் டிரம்களும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தன.

*சித்தப்பா:* உப்புத்தாளும் தேய்த்திருந்தால் இன்னும் நன்றாகப் பிடித்திருக்கும்.

*அத்தை:* வியாழக்கிழமைத் தார் ஏற்றலாமா அண்ணா?

*செக்கானூரணி மாமா:* ஏற்றட்டும். ஆனால் வண்டியின் அனுமதித்த எடைக்குள் ஏற்றட்டும். பட்டை போடும் ஆசையே அதற்குமேல் ஏற்றியதால்தான் வந்தது.