இளையர்களுக்குக் கட்டாய தேசிய சேவை நியாயமா?

கேள்வி: பொங்கோல் தந்தை

வேலைக்காகத் தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர் வந்து, நிரந்தரவாசம் பெற்று, குடும்பத்துடன் இங்கேயே வாழ்கிறோம். பதினாறரை வயதான என் மகனுக்குத் தேசிய சேவைக்குப் பதிந்துகொள்ளுமாறு அறிவிப்பு வந்துள்ளது. முதல் தலைமுறையாக வந்த எனக்கு இல்லாத கடமை, என் வழியாக நிரந்தரவாசியான அவனுக்கு இருக்கிறது. படைப்பணியை நான் மதிக்கிறேன். ஆனால் விரும்பி வருவோரைக் கொண்டு படையை நடத்தாமல், 18 வயது ஆண்கள் எல்லாரிடமும் ஈராண்டைச் சட்டம் போட்டு வாங்குவது சரிதானா? அவனோடு படிக்கும் பெண்கள் அதற்குள் பட்டப்படிப்பில் பாதியைக் கடந்திருப்பார்கள்.

மறுமொழி: முன்னாள் சார்ஜன்ட்

ஐயா, 1965இல் நாடு தனியானபோது இங்கே மக்கள்தொகை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. காலாட்படையோ இரண்டே பட்டாளங்கள். அந்நிலையில் சம்பளத்துக்கு ஆள் சேர்த்துப் பெரிய படையை வைத்துக்கொள்ள வழியில்லாததால்தான் 1967இல் கோ கெங் சுவீ அமைச்சராக இருந்தபோது இச்சட்டம் வந்தது. முழுநேரச் சேவை முடிந்த பிறகும் பத்தாண்டுக் காலம், ஆண்டுக்கு 40 நாள் வரை, எங்களைப் பயிற்சிக்கு அழைக்கலாம். படையின் பெரும்பகுதியே இப்படி அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள்தாம்.

நான் சேர்ந்த அன்று பெற்றோரும் படகில், அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்கு வந்து, சாப்பாட்டுக்கூடத்தில் என்னுடன் உணவருந்திவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த நாள்களில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் மொட்டைத் தலையுடன், மலாய் மொழியில் இடப்படும் ஒரே கட்டளைக்கு அசையக் கற்றோம். அந்த நட்பு இன்றும் தொடர்கிறது. எனினும் ஒற்றுமையை வளர்ப்பதற்காக மட்டும் ஒருவருடைய ஈராண்டை எடுத்துக்கொள்ள முடியாது. வேறு வழியில் படை அமையாது என்பதே இதற்குரிய நியாயம்.

மறுமொழி: தேன்மொழி

தேவை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சுமை ஏன் ஆண்கள்மீது மட்டும் விழ வேண்டும்? நார்வே 2015 முதல் பெண்களையும் கட்டாயச் சேவைக்கு அழைக்கிறது. அதைவிட என்னை உறுத்துவது, மனச்சாட்சியின்படி மறுப்பவர்களுக்கு இங்கே மாற்றுவழி இல்லாததுதான். படைப்பணியை ஏற்காத ‘யெகோவாவின் சாட்சிகள்’ என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இளைஞர்கள் இதற்காக இராணுவச் சிறைக்குச் செல்கிறார்கள். ஜெர்மனியில் 2011இல் கட்டாயச் சேவை நிறுத்திவைக்கப்படும் வரை, ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணியாற்றினார்கள். அத்தகைய வழியைத் திறப்பதால் நாட்டின் பாதுகாப்பு குறைந்துவிடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி: வேளச்சேரி வாசகர்

இந்திய அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவை விதிப்பதை அனுமதிக்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்து வேறுபாடு காட்டக்கூடாது என்பதே நிபந்தனை. இருந்தும், தாமாக முன்வருவோர் போதிய அளவில் இருப்பதால் இங்கே அதற்கு அவசியமே எழவில்லை. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்திலும் நான்காண்டுப் பணிக்கு விரும்புவோர் மட்டுமே சேர்கிறார்கள். ஆகவே சிங்கப்பூரின் நியாயத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, ‘இளைஞர்களுக்கு ஒழுக்கம் வரும்’ என்று இங்கே சிலர் வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி: முன்னாள் சார்ஜன்ட்

தேன்மொழி சொல்லும் மாற்றுச் சேவையை நானும் ஏற்கிறேன். ஐயா, உங்களுக்கு ஒன்று: சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பின்னாளில் உங்கள் மகன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாகக் கருதப்படும். ஆகவே முடிவெடுக்கும் முன் மகனையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.