டவர் வந்த காடும் அப்பா கேட்ட கேள்வியும் – உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

மேட்டாங்காடு:
2018இல் எங்கள் காட்டில் உயர்மின் கோபுரம் நடுவதற்கு அளக்க வந்தார்கள். காங்கேயம் பக்கம், மானாவாரி, ஒரே ஒரு கிணறு. நிலத்தை விலைக்கு வாங்க மாட்டார்களாம். பட்டா அப்பா பேரிலேயே இருக்கும், கம்பி மட்டும் மேலே போகும், அடியில் தென்னை வைக்கக் கூடாது. எந்தச் சட்டம் என்று கேட்டால் 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டம் என்றார்கள். வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நட எழுதி வைத்தது!

அப்பாவுக்கு ஒரே வாதம்தான். "எங்கப்பாரு பாறைய ஒடச்சு வெட்டுன கெணறு. அன்னிக்கு எந்தக் கவர்மெண்டு வந்துச்சு?" ஜான் லாக் என்ற ஆங்கிலேயர் பதினேழாம் நூற்றாண்டில் இதைத்தான் எழுதினார். உழைப்பை மண்ணோடு கலந்தவனுக்கு அந்த மண் சொந்தம். அந்த உரிமை அரசுக்கு முந்தியது. அதைக் காப்பதற்குத்தான் அரசே. எட்டாவதோடு நின்ற அப்பா இதை யாரிடமும் படிக்கவில்லை.

மாமா அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "கம்பி இல்லீன்னா உங்க மோட்டாருக்குக் கரண்டு எங்கிருந்துங்க மச்சான் வரும்?" என்றார். அவருக்கு உரிமை என்பது எல்லாரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. ஊருக்கு நல்லது என்றால் ஏற்பாட்டை மாற்றலாம். சொன்னதோடு விட்டிருக்கலாம். "1990லிருந்து ஓசிக் கரண்டுதானே" என்று ஒரு குத்து வேறு. அப்பாவுக்குக் கண் சிவந்துவிட்டது. 1972இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் கரண்டுக் கட்டணத்தை எதிர்த்துக் கோவைக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போராடப் போனார்களே, அதில் அப்பாரோடு போன பையன் அவர். "அது ஓசி இல்ல, எங்களுக்குச் சேர வேண்டியது" என்றார். அரசுக்கு முந்தியதுதான் உரிமை என்கிறவர், அரசு கொடுக்கும் கரண்டையும் எப்படி உரிமை என்கிறார்? கேட்கலாம் என்று வாயெடுத்தேன், முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் சட்டம் படிக்கிற தம்பி ஒரு குண்டைப் போட்டான். 1978இல் வந்த 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்துவிட்டது, இப்போது 300ஏ பிரிவில் அது வெறும் சட்ட உரிமைதான் என்றான். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப எதுதான்டா அடிப்படை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி?

ஒன்றரை ஷிப்ட்:
திருப்பூர். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறி, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிப்பு வந்ததே, அந்தப் பத்து நாளும் பேக்கரியில் எனக்கும் எங்கள் கான்ட்ராக்டர் அண்ணனுக்கும் சண்டை. "செய்யறவனுக்குச் சம்மதம், குடுக்கறவனுக்குச் சம்மதம். நடுவுல கவர்மெண்டுக்கு என்ன வேலை?" என்பார். டெய்லராக வந்து சொந்தமாக மெஷின் போட்டவர். யாரும் குறுக்கே நிற்காததால்தான் மேலே வந்தேன் என்று நிஜமாகவே நம்புகிறார். ஏமாற்றுக்காரர் இல்லை.

நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை பாப்பாவுக்குக் காய்ச்சல், ஒன்றரை ஷிப்ட் முடியாது, எட்டு மணி நேரம்தான் என்றேன். யாரும் திட்டவில்லை. அடுத்த வாரம் என் டேபிளுக்குப் பீஸ் வரவில்லை, அவ்வளவுதான். முடியாது என்று சொன்னால் சனிக்கிழமை சம்பளம் இல்லை என்கிற இடத்தில் சம்மதத்துக்கு என்ன அர்த்தம்? இதை அண்ணனிடம் சொன்னேன். "வேற கம்பெனி போயிருக்கலாமே" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

கடைமடை:
எங்களுக்குக் கீழ்பவானி வாய்க்கால். காங்கிரீட் போட வேண்டும் என்பார் மாமனார், கடைமடைக்காரர்: இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்கு வெட்டிய வாய்க்கால், கடைசி ஏக்கருக்கும் அதே பங்கு. போடக் கூடாது என்பார் எங்கப்பா: அறுபது வருடமாகக் கசிவுத் தண்ணீரில்தான் எங்கள் கிணறு. இரண்டு பேருமே உரிமை என்ற அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு ஒறம்பரை போனால் இப்போது மழையைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

தெக்கு வளவு:
மேட்டாங்காடு அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பறிபோக எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, நிலமே இல்லை. அவர் காலத்தில் ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்க்க வேண்டும். யாரோ மனு போட்டபோது கடைக்காரர் சொன்னாராம்: "என் கடை, என் டம்ளர். யாருக்கு எதுல குடுத்தா கவர்மெண்டுக்கு என்ன?" உங்கள் அப்பா பேசுவது போலவே இல்லையா? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கடைக்குள் போவதைத் தடுக்கக் கூடாது என்று 15ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. ஆனால் எங்கள் ஊரில் டம்ளர் மாறியது ஜீப் வந்த அன்றைக்குத்தான். ஜீப் போய் ஒரு மாதத்தில் பழைய டம்ளர் திரும்பி வந்தது, மறுபடி மனு, மறுபடி ஜீப். அதனால் அரசு தலையிடக் கூடாது என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு அம்மாயி ஞாபகம் வந்துவிடும். அவருக்கு ஜீப் வந்தால் பயமில்லை, வராவிட்டால்தான் பயம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று எங்கள் ரெண்டே முக்கால் சென்ட் வீட்டுத் திண்ணையில் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டார்கள். அம்மா வாசலில் நின்று கத்தினார்: "எங்கம்மா களை வெட்டிச் சேத்த காசுல கட்டுன வீடு. அன்னிக்கு எவன் வந்தான்?" நானும் கூடவே கத்தினேன்.

மேட்டாங்காடு:
கோபமெல்லாம் இல்லைங்க. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். டம்ளர் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தார். அப்புறம் கேட்டார்: "அந்தப் புள்ள ஊட்டுத் திண்ணைக்கு நட்டஈடு குடுத்தாங்களாமா?"